சாயங்காலம் ஆனால் அம்மா ஊருக்குக் கிளம்பிவிடுவாள்

ஐந்தரை மணி ஆனால் மஞ்சப்பையைத் தூக்கிவிடுவாள் அம்மா. உள்ளே ஒரு புடவை, பல் உடைந்த சீப்பு, டிவி ரிமோட், சில நாள் பாதி கடித்த முறுக்கு. "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவாரு" என்பாள். அவள் சொல்லும் அப்பா என் தாத்தா. அவர் போய் 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முதல் ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. "இதுதாம்மா உன் வீடு, தாத்தா செத்துப்போய் எவ்வளவு நாளாச்சு" என்று பொறுமையாகச் சொன்னேன், பொறுமை தீர்ந்ததும் கத்தினேன். தாத்தா இறந்த சேதியை அவள் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேட்கிறாள். பத்து நிமிஷத்தில் சேதி மறந்துவிடும், அழுகை மட்டும் ராத்திரி வரை நிற்கும், எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே.

எங்களுக்கு முதலில் தட்டுப்பட்டது ரசத்தில். ஐம்பது வருஷம் வைத்த ரசம், ஒருநாள் புளி இல்லாமல் வந்தது, இன்னொரு நாள் தாளித்துவிட்டு அடுத்து என்ன என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர்கள் "வயசானா அப்படித்தான்" என்றார்கள். அதைக் கேட்டு ஒரு வருஷம் வீணாக்கினேன். டாக்டர் எடுத்தவுடன் மாத்திரை எழுதவில்லை, தைராய்டு, பி12, தலை ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொன்னார். பி12 குறைந்தாலும், எப்போதோ விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும் இதே மாதிரி குழப்பம் வருமாம், அதையெல்லாம் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. அம்மாவுக்கு எல்லாமே நார்மல். நார்மல் என்று ரிப்போர்ட் வந்து அழுத குடும்பம் நாங்கள்தான்.

அல்சைமர், ஞாபகத்தை மெல்ல மெல்லத் தின்னும் மறதி நோய். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு இடம், புதிதாக நடப்பதைப் பதிந்துவைப்பது அதுதான், பெரும்பாலும் நோய் முதலில் கைவைப்பதும் அங்கேதான். காலையில் தின்ற இட்லி நினைவில்லாதவள் சின்ன வயதில் கிணற்றடியில் நடந்த சண்டையை வார்த்தை பிசகாமல் சொல்வது அதனால்தான். டொனெப்சில் என்று ஒரு மாத்திரை கொடுக்கிறோம். அது குணப்படுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போன தை மாதம் இரண்டே நாளில் ஆளே மாறிப்போனாள், சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கக் கத்தல். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். பார்த்தால் யூரின் இன்ஃபெக்‌ஷன். திடீரென்று மோசமானால் அது வேறு ஏதோ, உடனே டாக்டரிடம் போங்கள்.

பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். படுக்கும் முன் சிலிண்டரை மூடுகிறேன். ஐந்து மணிக்கே எல்லா லைட்டையும் போட்டுவிடுகிறேன், பொழுது சாயும்போதுதான் அவளுக்குக் குழப்பம் கூடுகிறது. அண்ணன்தான் திருந்தவில்லை, வீடியோ காலில் வந்ததும் "நான் யாருன்னு சொல்லும்மா பாப்போம்" என்று பரீட்சை வைக்கிறான். பெயிலானால் அவள் முகம் சுருங்குவது போனில் அவனுக்குத் தெரியாதுபோல.

இப்போதெல்லாம் "வீட்டுக்குப் போகணும்" என்றால், "சரிம்மா, கிளம்பலாம்" என்கிறேன். செருப்பை மாட்டிவிட்டு, பையை நான் வாங்கிக்கொண்டு, பிள்ளையார் கோயில் வரை நடக்கிறோம். வழியெல்லாம் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வீட்டு கேட்டுக்கே வந்து நிற்போம். நேற்றும் அப்படித்தான், கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனவள் திரும்பி என்னைப் பார்த்து, "இவ்வளவு தூரம் கூட வந்திருக்கீங்க, ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க" என்றாள்.