ஆசிட் பாட்டிலைத் திறக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. செய்முறைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் லேபில் கூட்டம் ஓயாது. அடர் கந்தக அமிலம் அதிகம் கைமாறுவதும் அப்போதுதான். எங்கள் பக்கத்தில் குண்டாறு மணலாகக் கிடக்க ஆரம்பிப்பதும், போர்வெல்லில் தண்ணீர் இறங்குவதும் ஏறக்குறைய அதே காலம். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கிறவர்கள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாட்டில். கடையிலிருந்து வரும் அடர் கந்தக அமிலம் 98 சதவீதம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால், இது ஒரு லிட்டர் 1.84 கிலோ. இரண்டரை லிட்டர் பாட்டிலில் அமிலம் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல். பார்வைக்குச் சாதாரண பாட்டில் மாதிரிதான் இருக்கும். கழுத்தைப் பிடித்து ஒரு கையால் தூக்கினால், நினைத்ததைவிடக் கனமாக இருந்து நழுவும். அதனால் ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். அடுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். அலமாரியில் இதற்கு இடம் கடைசித் தட்டு, அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டோடு. கண் மட்டத்துக்கு மேல் ஆசிட் வைத்திருக்கும் லேப் எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த விதி: தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. காரணத்தையும் சொல்லிக் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கிறது. இரண்டும் சேரும்போது கடுமையான சூடு பிறக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் தண்ணீர் கொதிக்கிற அளவைத் தாண்டும். தண்ணீர் எடை குறைந்தது என்பதால் அமிலத்தின் மேலேயே நிற்கும். நிற்கிற இடத்திலேயே கொதித்து, கூடவே அமிலத்தையும் தெறிக்கவிடும். மாற்றிச் செய்தால் அமிலம் தண்ணீருக்குள் இறங்கிப் போகும், அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கு (கரைசலின் செறிவை அளக்கும் செய்முறை) 2 நார்மல் செறிவில் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க ஏறக்குறைய 56 மில்லி அமிலம் போதும். அந்தக் கொஞ்சத்துக்கே பீக்கர் நன்றாகச் சுடும். அதனால் முந்தின நாளே, சிறிது சிறிதாகச் சேர்த்து, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, ஆறவிட்டு, பிறகுதான் பாட்டிலில் அடைப்பேன். காலி ஆசிட் பாட்டிலிலேயே நேராகக் கலக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கனமான கண்ணாடி அந்தச் சூட்டில் விரிசல் விடும். வேண்டவே வேண்டாம்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "அண்ணே, ஆசிட்ல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. அப்போ கையில பட்டா ஏன் தண்ணி ஊத்தச் சொல்றீங்க?"

நான் மிகவும் மதிக்கிற கேள்வி இது. பெரியவர்கள் பலருக்கும் இதே குழப்பம் உண்டு, அந்தக் குழப்பத்தில்தான் கை வெந்துபோகிறது. தோலில் இருப்பது மெல்லிய ஒரு படலம். அதன் மேல் குழாய்த் தண்ணீர் வேகமாகக் கொட்டினால், அமிலமும் போய்விடும், பிறக்கும் சூடும் தண்ணீரோடு ஓடிவிடும். ஆபத்து கொஞ்சத் தண்ணீரில்தான். ஈரத் துணியால் ஒற்றி எடுப்பது, ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு நிறுத்துவது, இதெல்லாம் சூட்டைக் கிளப்பிவிட்டு அமிலத்தை அங்கேயே விட்டுவைக்கும். பட்ட நொடியே தொடங்கி, இருபது நிமிடம், ஓடுகிற தண்ணீர். ஆப்ப சோடாவைக் கரைத்துத் தோலில் ஊற்றுவதும் தவறு, தேடுகிற நேரமும் வீண், அது வினைபுரியும்போது சூடும் வரும். சோடா தரையில் சிந்தியதற்கு. மேலே தூவினால் பொங்கும், பொங்கி அடங்கியதும் கழுவிவிடலாம்.

சில வருடங்களுக்கு முன் நைட்ரேட் உப்பைக் கண்டுபிடிக்கும் பழுப்பு வளையச் சோதனை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முன்கையில் தெறித்தது. அமிலத்தைச் சோதனைக் குழாயின் ஓரமாக மெதுவாக இறக்க வேண்டும், அவள் அவசரத்தில் நேராக ஊற்றிவிட்டாள். கூட இருந்த பிள்ளைகளில் ஒருத்தி பேனா மையைத் தடவப் போனாள், இன்னொருத்தி டூத்பேஸ்ட் வாங்கிவர ஓடினாள். நான் கையைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் "எரிச்சல் போயிருச்சுண்ணே, விடுங்க" என்று அழுதாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்பா" என்று சொல்லிச் சொல்லியே இருபது நிமிடம் நிறுத்தினேன். அதன் பிறகுதான் ஆட்டோ, பெரியாஸ்பத்திரி. காசளவு சிவப்போடு ஆறிப்போனது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அதுதான் அவளைக் காப்பாற்றியது.

தண்ணீர் வராத நாட்களும் உண்டு. டேங்க் காலி என்றால் அன்றைக்கு அடர் அமிலம் அலமாரியை விட்டு வெளியே வராது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். தேர்வு நெருங்குகிறதே என்று அவர் முதலில் வருத்தப்பட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். அமெரிக்கத் தர விதிப்படி லேபில் இருக்கும் அவசர ஷவர் நிமிடத்துக்கு 75 லிட்டர் வீதம் பதினைந்து நிமிடம் கொட்ட வேண்டும், பத்து நொடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். நம் பள்ளிகளில் அது நடக்கிற காரியமா என்று தெரிந்தே, என்னால் முடிந்ததைக் கணக்குப் போட்டேன். ஒரு சாதாரணக் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விட்டால் இருபது நிமிடத்துக்கு 200 லிட்டர். அதனால் 200 லிட்டர் டிரம் ஒன்றைத் திண்டின் மேல் ஏற்றி, அடியில் குழாய் பொருத்தி, லேப் வாசலருகே வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரில் யாரும் கை கழுவக் கூடாது, டெஸ்ட் டியூப் கழுவக் கூடாது.

கண்ணில் பட்டாலும் இதேதான், இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு. முழுக்கக் கழுவிவிட்டுத்தான் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இங்கிருந்து போய்ச் சேரும் நேரம் முழுவதும் அமிலம் கண்ணில் இருந்தால் மருத்துவர் செய்வதற்கு மிச்சம் அதிகம் இருக்காது.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு எந்த அறைக்குள் நுழைந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றுவது பழக்கம். கம்ப்யூட்டர் லேபில் சரி. இங்கே கீழே சிந்துகிற எதுவும் வெறுங்காலில்தான் விழும். ஷூ போட்டு வரச் சொல்கிறேன். இல்லாத பிள்ளையை வெளியே அனுப்புவதில்லை, அடர் அமிலம் வேண்டாத வேலையைக் கொடுக்கிறேன். துப்பட்டாவைப் பின்னால் முடிந்து, சடையைக் கட்டிக்கொண்டு, காட்டன் உடையில் வந்தால் நல்லது. நீர்த்த அமிலம் ஆபத்தில்லை என்று சட்டையில் பட்டதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும், அமிலம் ஆவியாகாது. காயக் காய அது அடர்த்தியாகித் துணியைத் தின்னும். யூனிபார்மில் பின்னாளில் தெரிகிற ஓட்டைகள் அப்படி வந்தவை.

பாட்டிலின் லேபிளிலும் இதே கதைதான். ஊற்றும்போது வழிகிற ஒரு சொட்டு காகிதத்தைக் கருக்கி, பெயரையே அழித்துவிடும். லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்து ஊற்றினால் வழிவது மறுபுறம் போகும். மேலே செல்லோ டேப்பும் ஒட்டிவிடுவேன். பெயர் தெரியாத பாட்டிலை முகர்ந்து பார்க்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். பெர்மாங்கனேட் படிகத்தில் அடர் அமிலம் படவே கூடாது, வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். அந்த டப்பாவை வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

2013-ல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டபோது பள்ளி, கல்லூரி லேப்களுக்கும் சேர்த்துத்தான் உத்தரவு வந்தது. எவ்வளவு செலவானது என்று பதிவேடு, பொறுப்புக்கு ஒரு ஆள், வெளியே போகும்போது சோதனை. பதிவேட்டை நான் அன்றன்றே எழுதுகிறேன். எவ்வளவு எடுத்தோம் என்பதற்குப் பக்கத்தில் நானாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: அன்றைக்கு டிரம்மில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று. மற்ற பள்ளி லேப் உதவியாளர்கள் இதைப் படித்தால் உங்கள் நோட்டிலும் அந்தப் பத்தியைப் போட்டுக்கொள்ளுங்கள். டிரம்முக்குக் குழாய் பொருத்துவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், அளவுகளைச் சொல்கிறேன்.