முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் பூனை

எங்கள் பூனை செவலைக்கு 13 வயது. சென்ற ஆண்டு அவன் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியபோது, வயதான உடம்புக்கு அது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழக்கும்போது உடலிலிருந்து நீர் அளவின்றி வெளியேறுகிறது என்பதையும், அந்த இழப்பை ஈடுகட்டவே பூனை ஓயாமல் குடிக்கிறது என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.1 என்று வந்தது. சிறுநீரக நோய் அதன் நான்கு நிலைகளில் மூன்றாவதை எட்டியிருந்தது. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் இந்த அளவு வெளிப்படையாக உயரும் என்று மருத்துவர் சொன்னபோது, தண்ணீர்க் கிண்ணத்தை நான் மகிழ்ச்சியோடு நிரப்பிய மாதங்கள் நினைவுக்கு வந்தன.

சிறுநீரக நோய்க்கென்று தயாரிக்கப்படும் உணவில் பாஸ்பரஸ் குறைவாகவும், புரதம் அளவோடும், ஒமேகா-3 கொழுப்பு சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். இவற்றுள் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துவதே முதன்மையானது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாததால், அது இரத்தத்தில் தேங்கி, சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் பகுதியையும் அரிக்கிறது. இதைக் கேட்டதும் வீட்டிலிருந்த பழைய உணவை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, மறுநாள் காலையே புதிய உணவைத் தட்டில் வைத்தேன். செவலை முகர்ந்தான், என்னை ஒருமுறை பார்த்தான், போய்விட்டான். பசித்தால் தானே வந்து தின்பான் என்ற பிடிவாதத்தில் இரண்டு நாட்களைக் கடத்தினேன். நாய்க்கு ஒருவேளை இது பொருந்தலாம். பூனைக்குப் பொருந்தவே பொருந்தாது. சில நாட்கள் உண்ணாதிருக்கும் பூனையின் உடல், சேமித்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்ப, ஈரல் அதைக் கையாள முடியாமல் தானே கொழுப்பேறிச் செயலிழக்கக்கூடும். மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார் என்று சொல்வதைவிட, பழைய உணவை உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னார் என்பதுதான் முக்கியம். உண்ணப்படாத நல்ல உணவைவிட, உண்ணப்படும் சுமாரான உணவு மேல் என்பது அவருடைய கணக்கு.

அடுத்த தவறு இன்னும் மோசமானது. பழைய உணவை அவன் மீண்டும் உண்ணத் தொடங்கியதும், மாத்திரையைப் பொடித்து அதிலேயே கலந்தேன். கசப்பை அறிந்த செவலை, மாத்திரையோடு சேர்த்து அந்த உணவையும் அன்றே வெறுத்துவிட்டான். இனிப்பை உணரும் திறன் பூனையின் நாவுக்கு இல்லை. கசப்பை மட்டும் அது எளிதில் விடுவதில்லை. இப்போது மாத்திரையைத் தனியாகக் கொடுத்து, அது தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொள்ளாதபடி ஊசியில்லாத சிரிஞ்சால் சில மில்லி தண்ணீரையும் புகட்டுகிறேன். பாஸ்பரஸைப் பிணைக்கும் மருந்து மட்டும் விதிவிலக்கு: அது குடலுக்குள் உணவிலுள்ள பாஸ்பரஸோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்பதால் உணவோடு கொடுத்தே ஆக வேண்டும். அதையும் கடுகளவில் தொடங்கித்தான் கூட்டினோம்.

இத்தனைக்கும் பிறகும் அவன் உண்டது போதவில்லை. எடை 5.1 கிலோவிலிருந்து 4.2 கிலோவுக்கு இறங்கியது. நான் வகைவகையான உணவுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, இவ்வளவு அடம்பிடிக்கும் பிராணியை வேறெங்கும் கண்டதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஒன்றை மட்டும் கேட்டார்: "தட்டு வைக்கும்போது ஓடி வருகிறானா, வராமலே படுத்திருக்கிறானா?" ஓடித்தான் வந்தான். வந்து, முகர்ந்து, உதட்டை இரண்டு மூன்று முறை நக்கி, எச்சில் விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனான். பசி இருக்கிறது, குமட்டலும் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகின்றன. அவன் அடமாக நான் எண்ணியதில் பெரும்பகுதி நோயின் முறையீடாகவே இருந்திருக்கிறது.

குமட்டலைத் தணிக்க மரோபிடன்ட் கொடுத்தார்கள். பசியைத் தூண்ட மிர்டாசபைனைக் காதின் உட்புறத் தோலில் தடவும் களிம்பாகத் தந்தார்கள். வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதாலேயே அந்தக் களிம்பின்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. குமட்டல் அடங்கி, செவலை தானாகவே தட்டைத் தேடிய வாரத்தில்தான் சிறுநீரக உணவை மறுபடி கொண்டுவந்தேன். இம்முறை அது பழைய உணவுக்குப் பக்கத்தில் தனித் தட்டில் ஒரு தேக்கரண்டி மட்டுமே இருந்தது. ஒன்பது நாட்கள் அவன் அதைத் தொடவில்லை. பத்தாம் நாள் நக்கினான். முழுமையாக மாறுவதற்கு ஏழு வாரங்கள் ஆயின.

ஈர உணவையே அதிகம் தருகிறேன். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கிறது, உலர் உணவிலோ பத்தில் ஒரு பங்குதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் மணம் எழாது. பூனை முதலில் மூக்கால்தான் உண்கிறது. ஆகவே உணவுக் கிண்ணத்தை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, உடல் சூடு வந்ததும் பரந்த தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைக்கிறேன். சுவையூட்டுவதற்காகக் கறிச்சாறு சேர்க்க நினைப்பவர்கள், அதில் வெங்காயமோ பூண்டோ சேர்ந்திருந்தால் பூனையின் சிவப்பணுக்கள் சிதையும் என்பதை மறக்க வேண்டாம். அவன் உண்ணும்போது நான் எதிரில் உட்காருவதும் இல்லை. என் கவலை அவனுக்கு வாசனையாகத் தெரிகிறதோ என்று சில சமயம் தோன்றும்.

எடையை ஞாயிறுதோறும் குறித்துவருகிறேன். சென்ற வாரம் 4.4 கிலோ. இன்று காலை அவன் தட்டில் பாதியை விட்டுவைத்தான். உதட்டை நக்கவில்லை, வெயில்பட்ட இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். மீதியை மூடி வைத்திருக்கிறேன், இரண்டு மணிநேரம் கழித்து மறுபடி சூடாக்க வேண்டும்.