ராஃபிள்ஸ் வாசலில் கதை சொல்கிறவன்

பீச் ரோட்டில் குழுவை இறக்கிவிட்டதும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தம்பி, பீச் எங்க?" தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக்காட்டும் கைடு நான். எனக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. 1887 டிசம்பரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் திறந்தபோது கடல் எதிரிலேயே இருந்தது. அப்புறம் கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டே போனார்கள். ஹோட்டல் இருந்த இடத்தில் இருக்க, கரை தள்ளிப் போய்விட்டது.

எங்கள் குழுக்கள் இங்கே தங்குவதில்லை. லாபி, தங்குகிறவர்களுக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் உரியது. நாங்கள் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, கடைகள் இருக்கும் பக்கமாகச் சுற்றி வருவோம். வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமாக நிற்கும் சீக்கியக் காவலரோடு செல்ஃபி எடுக்க ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசை முடிவதற்குள் நான் சொல்லி முடிக்க வேண்டும்.

புதிதில் பெயர்களாகக் கொட்டுவேன். சார்லி சாப்ளின், ஏவா கார்ட்னர், எலிசபெத் டெய்லர், 1993இல் வந்த மைக்கேல் ஜாக்சன். எல்லாரும் தலையாட்டுவார்கள். உடனே ஒருவர், "முஸ்தஃபாவுக்கு எத்தனை மணிக்குப் போறோம்?" என்று கடைக்குப் போகும் நேரத்தைக் கேட்பார். பெயர்ப்பட்டியலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அவர்களை நிற்கவைக்கிற கதை, ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கதைதான். 1889இல், இருபத்து மூன்று வயதுப் பத்திரிகைக்காரராக அவர் இந்தியாவிலிருந்து இந்த வழியாகப் போனார். அப்போது ராஃபிள்ஸ் பத்து அறை பங்களாவாகத் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நடத்தியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள். பினாங்கிலும், பிறகு ரங்கூனிலும் ஹோட்டல் நடத்தியவர்கள். அதாவது நம் ஆட்கள் பிழைக்கப்போன ஊர்களுக்கெல்லாம் அவர்களும் போனார்கள். கிப்ளிங் என்ன எழுதினார் என்றால், ராஃபிள்ஸில் சாப்பாடு அருமை, அறைகள் மோசம், ஆகவே இங்கே சாப்பிட்டுவிட்டு வேறொரு ஹோட்டலில் போய்த் தூங்குங்கள் என்று. சகோதரர்கள் அசரவில்லை. 'ராஃபிள்ஸில் சாப்பிடுங்கள்' என்ற பாதியை மட்டும் வெட்டியெடுத்து விளம்பரம் போட்டுவிட்டார்கள். திட்டி எழுதிய விமர்சனத்தில் ஒரு நல்ல வரியைப் பொறுக்கிப் போஸ்டரில் போடும் நம்மூர்த் தயாரிப்பாளர் மாதிரி! இந்த இடத்தில் சிரிக்காத குழுவை நான் பார்த்ததில்லை. அந்த விளம்பரம் எவ்வளவு பேரை இழுத்ததோ, வெட்டுப்பட்ட மறுபாதியில்தான் எனக்கு இந்த ஹோட்டல் மேல் பிரியம் வந்தது. மின்விளக்கும் மின்விசிறியுமாக, இன்று நாம் பார்க்கும் பெரிய கட்டடம் 1899இல்தான் எழுந்தது.

புலிக் கதையிலும் இப்படித்தான். பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் சிங்கப்பூரின் கடைசிப் புலியைச் சுட்டார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். 1902இல் சுடப்பட்டது உண்மை. ஆனால் அது சர்க்கஸிலிருந்து தப்பி வந்த புலி. அது பதுங்கியது மேசைக்கு அடியில் இல்லை. தூண்கள்மேல் எழுப்பியிருந்த பில்லியர்ட்ஸ் அறையின் தரைக்கு அடியில். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சர்க்கஸ் புலி என்றதும் பெரியவர்கள் அதன்மேல் பரிதாபப்படுகிறார்கள்.

ஹோட்டலின் மதுக்கூடமான லாங் பாருக்குப் போகிறவர்கள் சிலரே. அங்கே கிடைக்கும் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற மதுக்கலவை ஒரு கிளாஸ் முப்பது வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மேல். ரூபாயில் கணக்குப் போட்டதும் பாதிப்பேர் பின்வாங்கிவிடுவார்கள். அங்கே வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம், அதுதான் வழக்கம். குப்பை போட்டால் அபராதம் என்று காலையிலிருந்து நானே மிரட்டி வைத்திருப்பதால் யாரும் நம்புவதில்லை. மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா தோலையெல்லாம் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டே, "கூட்டுறதுக்கு ஒரு ஆளு வரணும்ல?" என்றார். என் பட்டியலில் இல்லாத ஆட்களை அவர் நினைத்துக்கொண்டார். ஸ்லிங்கை உருவாக்கியவர் என்று ஹோட்டல் கொண்டாடும் ஞியாம் தோங் பூன் இங்கே மது கலந்து கொடுத்த ஹைனான் சீனர். பிந்தி வந்ததால் வியாபாரத்தில் இடம் கிடைக்காத ஹைனான்காரர்கள் ஹோட்டல்களிலும் வெள்ளைக்கார வீடுகளிலும் சமையலுக்கும் பரிமாறவும் போனார்கள். கொஞ்சம் தள்ளி 'டோபி காட்' என்ற இடத்தில் துணி வெளுத்தவர்கள் இந்தியர்கள். அறைகளுக்குச் சாப்ளின் பெயரையும் கவிஞர் நெரூடா பெயரையும் வைத்திருக்கிறார்கள், சரி. ஞியாமுக்கு ஒரு பானம் போதுமா என்பது என் தனிப்பட்ட கேள்வி.

போன வருஷம் ஒரு குழுவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். 1931இல் சார்க்கீஸ் நிறுவனம் திவாலானது என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை பெரிய மனுஷங்க வந்துமா? எல்லாரும் கடன் சொல்லிட்டுப் போயிட்டாங்களோ!"

எல்லாரும் சிரித்து முடித்ததும் ரப்பர் விலை சரிந்ததைச் சொன்னேன். அந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் மலாயா தோட்டத் துரைகளின் கை காய்ந்துபோனது. நடிகர்களும் எழுத்தாளர்களும் என்றைக்கோ ஒருநாள் வந்துபோகிறவர்கள். இங்கே ஆடவும் குடிக்கவும் செலவான பணத்தில் கணிசமானது ரப்பர் பணம். அந்த ரப்பரைப் பால் வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விலை விழுந்ததும் அவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

செல்ஃபி வரிசையிலிருந்த ஒருவர் போனை இறக்கிவிட்டுக் கிட்டே வந்தார். அவருடைய தாத்தா பேராக் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அப்படித் திரும்பியவராம். வாங்கிய முன்பணத்தைக்கூட அடைக்க முடியாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினாராம். அதற்குமேல் எனக்கு வேலையே இல்லை. கோச்சில் ஏறியதும் மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டேன். சிராங்கூன் ரோடு வரைக்கும் அவர்தான் பேசினார்.