பேருந்தில் வாந்தி வருமா என்று மயக்க மருத்துவர் ஏன் கேட்கிறார்?

பொது மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின் வருகிற குமட்டலையும் வாந்தியையும், எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்றோ ‘வெறும் வயிற்றில் படுக்க வைத்துவிட்டார்கள்’ என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். யாருக்கு அது வரக்கூடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

சின்னம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லை லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றில் சிறு துளைகள் இட்டு) எடுப்பதற்கு முன், மயக்க மருத்துவர், “ஏனுங்கம்மா, திம்பம் மலையில பஸ்ல போனா வாந்தி வருமுங்களா?” என்று கேட்டார். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கையில் எலுமிச்சம்பழத்தோடு கடப்பவர் சின்னம்மா. ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, “அதெல்லாம் இல்லீங்க” என்று மழுப்பிவிட்டார். நான் குறுக்கிட்டு உள்ளதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

1999இல் ஆப்ஃபெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கணிப்பு முறையில் நான்கு கூறுகள்தாம் உள்ளன: பெண்ணாக இருத்தல், புகைபிடிக்காதவராக இருத்தல், பயணத்திலோ முந்தைய அறுவைக்குப் பின்னரோ வாந்தி எடுத்திருத்தல், அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுதல். இவற்றில் ஒன்றும் இல்லாதவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். ஒன்றிருந்தால் 20, இரண்டிருந்தால் 40, மூன்றிருந்தால் 60, நான்கும் இருந்தால் 80. எங்கள் ஊர்ப் பெண்களில் புகைபிடிப்பவர் அரிது என்பதால், அறுவை அரங்குக்குள் நுழையும்போதே அவர்களில் பெரும்பாலோர் இரண்டு மதிப்பெண்ணோடுதான் நுழைகிறார்கள். வலிமருந்தும் பேருந்து வாந்தியும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடுகிறது. (புகைப்பவருக்கு இது குறைவு என்பது விந்தைதான், ஆனால் நுரையீரலுக்கும் புண் ஆறுவதற்கும் புகை செய்யும் கேட்டை நினைத்தால், அதில் மகிழ ஒன்றுமில்லை.)

இவை போக, இளவயதினருக்கு முதியவர்களைவிட இது மிகுதி. மூச்சுவழி செலுத்தும் செவோஃப்ளூரேன் போன்ற மயக்க மருந்துகளும் நைட்ரஸ் ஆக்சைடும் முதல் சில மணி நேர வாந்திக்கு முக்கியக் காரணங்கள். அறுவை நீள நீள அவற்றின் பங்கும் கூடுகிறது. பித்தப்பை, கர்ப்பப்பை அறுவைகளிலும் பொதுவாக லேப்ராஸ்கோப்பியிலும் வாய்ப்பு அதிகம்.

மதிப்பெண் உயர்வாக இருந்தால் செய்வதற்கு வழிகள் பல உள்ளன. மூச்சுவழி மருந்தைத் தவிர்த்து ரத்தக்குழாய்வழி செலுத்தும் புரோபோஃபால் என்ற மருந்தாலேயே மயக்கத்தை நீட்டிக்கலாம். வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன், ஒண்டான்செட்ரான் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். நரம்பை மரக்கச் செய்யும் ஊசியாலும் பாராசிட்டமாலாலும் வலியைத் தணித்து மார்ஃபினின் அளவைக் குறைக்கலாம். இடம் பொருந்தினால் முதுகில் ஊசி போட்டே அறுவையை முடித்துவிடுவதும் உண்டு. இவற்றில் எது, எத்தனை என்று மருத்துவர் தீர்மானிப்பது நாம் சொல்லும் பதில்களையும் பொறுத்தது. ஆதலால் மழுப்பக் கூடாது என்பது என் கருத்து.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: மூன்று வயதுக்கு மேற்பட்டிருத்தல், அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் அறுவை, மாறுகண் அறுவை, குழந்தைக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ முன்பு இவ்வாறு வாந்தி வந்திருத்தல் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஆகவே, குழந்தையை அழைத்துச் செல்லும் தாய் தன் பிரசவ அறுவையின்போது தனக்கு வாந்தி வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.