26 விசைகளில் தமிழ்99: மூன்றாம் வாரம்

2013-இல் வெளியான பிளாக்பெர்ரி கியூ10 கைபேசியிலிருந்து கழற்றிய விசைப்பலகையை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) பலகையோடு இணைத்து, அதில் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறையில் இரு கட்டைவிரல்களால் தட்டச்சு செய்யப் பழகி வருகிறேன். உயிர் இடப்பக்கமும் மெய் வலப்பக்கமும் அமைந்திருப்பதால் விரல்கள் மாறி மாறி இறங்கும் இந்த அமைப்பு, கட்டைவிரல் தட்டச்சுக்கென்றே வகுத்தது போல எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல் இடத்தில்தான். 12 உயிர், 18 மெய், புள்ளி என 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்து விசைகளோ 26. அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்ற விசைகள் சிறிய பலகையில் இல்லாததால் ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் வீடிழக்கின்றன. ழகரத்தை எம் விசையை அடுத்துள்ள நாணயக்குறி விசையில் வைத்துவிட்டேன்.

மற்றவற்றுக்கு முதலில் இருமுறை தட்டும் வழியை எண்ணினேன். ஆனால் தமிழ்99-இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி பெற்று 'க்க' என்று ஆகிவிடும். ஆகவே மெய்களில் அந்த வழி அடைபட்டது. உயிரை அடுத்து உயிர் வராது என்பதால் உயிர்களில் அது திறந்தே இருந்தது. ஒகரத்தை இருமுறை தட்டினால் ஓகாரம் என்று வகுத்து, அது இருந்த எக்ஸ் விசையை யகரத்துக்குக் கொடுத்தேன். அரிதாக வரும் ஔகாரத்தை ஆல்ட் விசைக்கு அனுப்பி, அதன் இடத்தில் சகரத்தை வைத்தேன்.

எனக்கு மிகுந்த நிறைவு தந்தது மெல்லெழுத்துகளில் கிடைத்த தீர்வு. ஙகரம் பெரும்பாலும் ககரத்துக்கு முன்னும், ஞகரம் பெரும்பாலும் சகரத்துக்கு முன்னுமே வருகின்றன. எனவே ஙகரம் இருந்த பி விசையில் ந ஒன்றை மட்டும் வைத்து, அடுத்து வரும் வல்லினத்துக்கேற்ப அது ங் ஆகவோ ஞ் ஆகவோ மாறும்படி நிரல் எழுதினேன். ம, ந, ச, ள, புள்ளி என்று தட்டினால் 'மஞ்சள்' வருகிறது. ஞானம் போன்ற சொற்களுக்கு மட்டும் ஆல்ட் தேவை.

முதல் நாளே 'நகம்' என்பது 'ங்கம்' ஆயிற்று. மெய் மொழிக்கு முதலில் வராது என்ற விதியை நிரலில் சேர்த்ததும் அது சரியானது. கூடவே, 'ந்தி' என்று ஆகிவிடாமல் 'நதி'யும் எளிதாயிற்று. 'மாநகர்' மட்டும் 'மாங்கர்' என்றே வந்துகொண்டிருந்தது. நகரத்துக்குப் பின் அகரத்தைத் தட்டினால் புள்ளி விழாது என்ற தமிழ்99-இன் பழைய விதியே அதற்கும் போதுமானதாக இருந்தது.

இந்த வாரம் வேறொரு குறை தெரிந்தது. 'செய்ய' என்ற சொல்லின் நான்கு தட்டல்களும் இடக் கட்டைவிரலிலேயே விழுகின்றன. நகத்தின் ஓரத்தால் விசையின் முகட்டை அழுத்தும் அந்த விரல் விரைவில் சோர்கிறது. ஆகவே யகரத்தையும் நகரத்தையும் இடம் மாற்றியிருக்கிறேன். பி விசையை வலக் கட்டைவிரல் எளிதில் எட்டுகிறது. 'நான்' என்று எழுதப் போய் 'யான்' என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை.