பான் து கார் வளைவு: சாந்து இல்லாமல் ஒரு சிறு மாதிரி

தெற்கு பிரான்சில் கார்டோன் ஆற்றின் குறுக்கே நிற்கும் பான் து கார், நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் அமைத்த கால்வாயின் ஒரு பகுதி. சுமார் 50 கி.மீ. நீளமுள்ள அந்தக் கால்வாயின் மொத்த இறக்கமே 13 மீட்டருக்கும் குறைவு என்பதால், ஆற்றுப் பள்ளத்தில் மட்டத்தை இழக்காமல் கடக்க ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில் மூன்றடுக்குப் பாலம் தேவைப்பட்டது. கீழ் இரண்டு அடுக்குகளின் பெருங்கற்களுக்கிடையே சாந்து கிடையாது. அப்படி ஒரு வளைவையாவது என் கையால் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முதல் வளைவு இப்போது மேசைமீது நிற்கிறது.

அட்டை அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, 3 செ.மீ. தடிப்பில் 15 கற்கள் வார்த்தேன். உள் ஆரம் 15 செ.மீ. ஆதலால் ஒவ்வொரு கல்லும் உள்விளிம்பில் 3.1 செ.மீ., வெளிவிளிம்பில் 3.8 செ.மீ. அகலம் கொண்டது. ஒட்டுப்பலகையில் அரைவட்ட சென்ட்ரிங் (வளைவு முடியும்வரை கற்களைத் தாங்கும் தற்காலிகச் சட்டம்) செய்து, அடியில் மரஆப்புகளைச் செருகினேன்.

இரு பக்கமும் முதல் இரண்டு கற்கள் சென்ட்ரிங்கைத் தொடாமலே நின்றன. பான் து காரில் வளைவு தொடங்கும் இடத்தருகே துருத்தி நிற்கும் கற்களின் பயன் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது: சாரத்தைத் தரையிலிருந்து எழுப்பாமல் அந்தக் கற்களின்மீதே தாங்க வைத்திருக்கிறார்கள். கற்களில் இன்னின்ன இடத்துக்கு உரியவை என எண்ணும் எழுத்தும் பொறித்திருப்பதும் வீண் வேலையன்று. உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்திய கல்லை வேறிடத்தில் வைத்தால் இணைப்பு படிவதில்லை.

உச்சிக்கல்லை இறக்கிய பின் ஆப்புகளை இருபுறமும் சமமாகத் தளர்த்தினேன். வளைவு மயிரிழை அளவு தாழ்ந்தது. உச்சிக்கல்லின் இரு இணைப்புகளும் அடிப்பக்கம் மெல்லத் திறந்து வெளிச்சம் தெரிந்தது. வளைவின் இரு பக்கமும் அணையாக வைத்திருந்த செங்கற்கள் வெளிநோக்கி நகர்ந்ததே காரணம். அவற்றின் பின்னால் எடை வைத்த பிறகு மேற்கொண்டு அசைவில்லை. வளைவை நிறுத்துவதில் பாதி வேலை அதன் பக்கங்களில்தான் இருக்கிறது என்பேன்.

அந்தப் பாலத்தின் கீழடுக்கு வளைவுகள் ஒன்றையொன்று ஒட்டிய தனித்தனி வளையங்களால் ஆனவை. ஒரே சென்ட்ரிங்கைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த வளையத்துக்கும் பயன்படுத்த அந்த அமைப்பு இடம் தருகிறது. இரண்டாம் வளையத்துக்கான கற்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அது முடிந்ததும் மூன்று வளைவுகளை வரிசையாக அமைத்து, அண்டை வளைவுகளின் உந்துவிசை ஒன்றையொன்று ஈடுசெய்யும் நடுத்தூண்களை எவ்வளவு ஒல்லியாக்க முடியும் என்று பார்க்கப் போகிறேன்.