பக் வேடம்: ஆறாவது வார ஒத்திகை வரை

எங்கள் நாடகக் குழு இந்த முறை ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ போடுகிறது, ஆங்கிலத்திலேயே. எனக்கு பக் வேடம். ஏதென்ஸுக்கு வெளியே இருக்கும் காட்டில் தேவதைகளின் அரசன் ஒபெரானிடம் வேலை பார்ப்பவன். கிராமத்து ஜனங்கள் ராபின் குட்ஃபெலோ என்று சொல்லும் குட்டிச்சாத்தான் இவன்தான்.

முதல் இரண்டு வாரம் முழுக்க ஓட்டமும் தாவலும். உடம்பு வளைந்தது, வசனம்தான் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மூன்றாவது வாரம் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டி வரிகளைப் படித்தேன், அங்கேதான் பிடி கிடைத்தது. அரசனோடு பேசும்போது பக்கும் பத்து அசை வரியில்தான் பேசுகிறான். மந்திரம் போடும்போது ஏழு அசைக்கு மாறிவிடுகிறான். ‘த்ரூ த ஃபாரஸ்ட் ஹேவ் ஐ கான்’ என்று தட்டிப் பாருங்கள், நாலு தட்டு விழும், எட்டாவது அசை வரவேண்டிய இடம் காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தில்தான் இப்போது மூச்சு வாங்குகிறேன், தலையைத் திருப்புகிறேன், காட்டில் தூங்கும் ஏதென்ஸ் இளைஞன் லைசாண்டர் பக்கம் ஒரு அடி வைக்கிறேன். (1960-ல் பென்ஜமின் பிரிட்டன் இதை ஓபராவாக்கியபோது பக்கைப் பாடவிடாமல் பேசவே வைத்தார். எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது.)

முக்காலி கதை சுலபமாக வந்துவிட்டது. சோகக் கதை சொல்லும் கிழவி இவனை முக்காலி என்று நினைத்து உட்கார, இவன் நழுவ, அவள் தொப்பென்று விழுகிறாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன், ‘ஸ்லிப்’ என்ற சொல்லில் உருண்டேன், அவ்வளவுதான்.

நாலாவது, ஐந்தாவது வாரம் முழுக்க ஒரே கேள்வி: தூங்குபவர் கண்ணில் விட்டால் விழித்ததும் முதலில் பார்ப்பவர் மேல் காதல் வரவைக்கும் மலர்ச் சாற்றை, டெமிட்ரியஸ் என்பவனுக்குப் பதில் லைசாண்டர் கண்ணில் பக் ஊற்றுகிறானே, அது தவறா, வேண்டுமென்றா? ஒபெரானுக்கே அந்தச் சந்தேகம் வருகிறது. முதலில் சபையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஊற்றினேன். சிரிப்பு வந்தது, ஆனால் பிறகு அரசனிடம் ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொன்னபோது அது பச்சைப் பொய்யாகக் கேட்டது, ஒபெரானாக நடிப்பவருக்கும் கோபம் வரவில்லை. அப்புறம் வரிகளைத் திரும்பப் படித்தேன். அரசன் சொன்ன ஒரே அடையாளம் ஏதென்ஸ் உடை. காட்டில் அந்த உடையில் இவர்கள் இரண்டு பேர். லைசாண்டரின் காதலி ஹெர்மியா மானத்துக்காகத் தள்ளிப் படுத்திருக்கிறாள், பக்கோ லைசாண்டர் விரட்டியதால்தான் பாவம் அந்தப் பெண் தள்ளிப் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக் கொதிக்கிறான். அவளுக்காகக் கோபப்பட்டுத்தான் ஊற்றுகிறான்! கண்ணடிப்பதை விட்டுவிட்டு அந்தக் கோபத்தோடு செய்து பார்த்தேன், காட்சி அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. குழப்பத்தை ரசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வாரம் முடிவுரை, மொத்தம் பதினாறு வரி. பிடிக்கவில்லை என்றால் தூங்கிக் கனவு கண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சபையிடம் சொல்லி, கைதட்டல் கேட்கிற இடம். பெரும்பாலும் ஏழு அசைதான், ஆனால் ‘கிவ் மி யுவர் ஹேண்ட்ஸ்’ என்று தொடங்கும் கடைசி இரண்டு வரியில் எட்டு அசை, நான் மூச்சு வாங்கும் காலி இடமே இல்லை. அதனால் ‘குட் நைட்’ வரி முடிந்ததும் பக் கையில் இருக்கும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, அங்கேயே மூச்சை நிரப்பிக்கொள்கிறேன். நேற்று மூன்று தடவையில் இரண்டு தடவை சரியாக வந்தது.